நிலாந்தி ரீச்சரின் 'கொஞ்சந்தான்'

நிலாந்தி ரீச்சர் பயப்படாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடல் என்றால் பயம், காற்று என்றால் பயம், ரெலிபோன் நேரம் தப்பி அடித்தால் பயம், அடிக்காமல் கிடந்தாலும் பயம். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி கடலுக்குப் பயப்படலாமா என்று நான் கேலி செய்வேன். "இஞ்சை பிறந்தபடியாத்தான் அக்கா பயம். உங்களுக்கென்ன, புளியங்கூடல். பஸ்ஸில ஏறினா யாழ்ப்பாண ரவுணில இறங்குவியள்," என்பாள்.

நான் புளியங்கூடல்காரி. நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் நிலாந்தியின் வீட்டில்தான் தங்குவேன். அவள் அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். கணவன் பிரதாபனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் குறிகட்டுவானில் படகேறி வந்து, ஞாயிறு திரும்பிவிடுவான். அவன் வரும் நேரத்தில் காற்றுச் சற்று எழும்பினாலே நிலாந்தி வாசலுக்கும் குசினிக்கும் நடந்தபடி இருப்பாள். அவர்களுக்குக் கலியாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை கம்சிகா. பத்து வயது, வாயாடி.

பயம் என்ற ஒன்றை அவள் மறந்து நான் கண்டது வகுப்பறையில்தான். அதிலும் 'ஒன்லி' பாடம் நடத்தும் நாளென்றால் அவள் வேறு ஆள். கண்ணன் பசுவுக்குத் தண்ணீர் வைத்தான் என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவாள். ஒரு மட்டையில் 'ஒன்லி' என்று எழுதி வைத்திருப்பாள். அந்த மட்டையைக் கண்ணனுக்கு முன்னால் பிடிப்பாள். "இப்ப என்ன கருத்து? கண்ணன் மட்டுந்தான் வைச்சவன், வேற ஒருத்தரும் வைக்கேல்லை." மட்டையை வினைச்சொல்லுக்கு முன்னால் நகர்த்துவாள். "வைச்சதோட சரி. பட்டியைக் கூட்டேல்லை, புல்லுப் போடேல்லை." தண்ணீருக்கு முன்னால் வைத்தால் தண்ணீர் மட்டும், தவிடு இல்லை. கடைசியாகப் பசுவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பாள். "பசுவுக்கு மட்டும்! பாவம், கண்டுக்குட்டி தண்ணி இல்லாமல் நிக்குது," என்று வகுப்பே கத்தும்.

"இது ஒரு மதில் பிள்ளையள். எந்தச் சொல்லுக்கு முன்னால கட்டுறியளோ அது உள்ளுக்கு, மிச்சமெல்லாம் வெளியில. இங்கிலீஷ்காரர் கதைக்கேக்க அதை வினைக்கு முன்னால போட்டிட்டுக் குரலால சமாளிப்பினம். நீங்கள் எழுதேக்க இடம் பாத்துக் கட்டுங்கோ. தமிழில 'தான்' பின்னால வந்து ஒட்டும், இங்கிலீஷில முன்னால வந்து நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்." பக்கத்து வகுப்பில் பின்னம் படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்கே இந்தப் பாடம் மனப்பாடம்.

வகுப்புக்கு வெளியே வந்தால் கதை வேறு. தீவு முழுவதும் 'தான்' போட்டுத்தான் பேசும், நிலாந்தியும் அதில் ஒருத்தி. பட்டி நிறைய மாடு வைத்திருக்கிறவரிடம் எத்தனை மாடு என்று கேட்டால் "ஒண்டு ரெண்டுதான்" என்பார். சொல்லி வாய் மூடுமுன் அவருக்குப் பின்னால் ஒரு மந்தை புழுதி கிளப்பிக்கொண்டு போகும். எவ்வளவு பால்? "கொஞ்சந்தான்." எவ்வளவு மீன்? "கறிக்குத்தான்." உள்ளதை உள்ளபடி வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். எண்களோடு பிழைக்கும் எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். எங்கள் ஊரிலும் உள்ளதுதான், ஆனால் இவ்வளவு மோசமில்லை.

பிள்ளையின் சாப்பாட்டு விஷயத்தில் நிலாந்தி எல்லாரையும் மிஞ்சிவிட்டாள். கம்சிகா சாப்பிடும்போது வாசலுக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். யாராவது படலை திறந்தால் சாப்பாட்டுக் கோப்பை சேலைத் தலைப்புக்குள் போய்விடும். "பிள்ளை சாப்பிட்டவவோ ரீச்சர்?" என்று கேட்டால், "எங்கை, ரெண்டு வாய்தான்," என்பாள். நான் அதே குசினியில் இருந்து அந்தப் பிள்ளை மூன்றாவது தோசைக்குச் சம்பல் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிலும் கமலாதேவி அக்கா வந்தால் பானையே மூடப்படும். கமலாதேவி அக்கா நல்ல மனுசி, நாலு வீடு தள்ளி இருப்பவர், எவருக்கும் ஓடிப்போய் உதவுகிறவர். ஆனால் அவர் ஒருமுறை வாய் திறந்து பாராட்டிய பூசணிக்காய் மறுநாள் அழுகிவிட்டதாம். அன்றிலிருந்து அவருடைய பாராட்டுக்குத் தீவே நடுங்கும்.

போன மார்கழியில் கம்சிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று இரத்தம் சோதித்துச் சொன்னார்கள். தீவு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டொக்டர் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன், தமிழில் 'வலிக்குதா', 'மூச்சு இழுங்கோ' இரண்டும் தெரியும். நிலாந்தியோடு ஆங்கிலத்தில் கதைப்பதில் அவருக்கும் ஆறுதல், அவளுக்கும் உள்ளூரப் பெருமை. காய்ச்சல் இறங்கிய காலையில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். டொக்டர் சந்தோஷப்படவில்லை. இனித்தான் ஆபத்து என்றார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் நேரம் இது, உடம்புக்குள் போகும் தண்ணீர் குறையவும் கூடாது, கூடவும் கூடாது, வாயால் குடிப்பதையும் சேலைனையும் சேர்த்துத்தான் கணக்கு, குடிக்கும் ஒவ்வொரு பேணியையும் அளந்து சொல்லுங்கள் என்று சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவே அவர் விரும்பினார். கடல் விடவில்லை. படகுகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன. பின்னேரம் கடற்படைப் படகு வரப் பார்க்கும் என்று மட்டும் தகவல் கிடைத்திருந்தது. மறு கரையில் பிரதாபன் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நிமிடத்துக்கொரு தடவை ரெலிபோன் அடித்துக்கொண்டிருந்தான்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். தவணைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நான் இல்லாத அந்த நேரத்தில் நடந்ததைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள்.

பிள்ளைக்குத் தாகம் எடுத்திருக்கிறது. டெங்குவுக்கு நல்லாக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று பார்க்க வந்த எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். செவ்விளநீர் கொண்டுவந்தார்கள், ஜீவனி உப்புத்தூள் கரைத்துக் கொண்டுவந்தார்கள், கஞ்சி கொண்டுவந்தார்கள். மூன்று நாளாய் ஒன்றும் வேண்டாம் என்று கிடந்த பிள்ளை கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாள். தாய்க்கு வேறென்ன வேண்டும்? பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சேலையால் மறைத்து, ஊட்டிக்கொண்டேயிருந்தாள். மேர்சி நேர்ஸ் வந்து எவ்வளவு குடிச்சவ என்று கேட்கும்போது கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "கொஞ்சந்தான் மிஸ், ஒரு கால் பேணி," என்று வாய் தானாகச் சொல்லிவிடும். டொக்டர் வந்து கேட்டபோதும், "ஒன்லி எ லிற்றில், டொக்டர்." அவளுடைய ஆங்கிலத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. ஒன்லி நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது.

பிள்ளை குடிக்கவில்லை என்று நம்பிய டொக்டர் சேலைனைக் கூட்டினார். யார்தான் கூட்டாமல் விடுவார்கள்?

மத்தியானம் நான் வாட்டுக்குள் நுழைந்தபோது கம்சிகா கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். முகம் வீங்கி அதைத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. என்னைக் கண்டால் வாய் ஓயாத பிள்ளை வாயால் மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள்.

"படுங்கோவன் அம்மா," என்றேன்.

"படுக்க ஏலாது ரீச்சர். படுத்தா மூச்சு வரேல்லை."

நிலாந்தி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் இரத்தம் என்று ஒன்றில்லை. கமலாதேவி அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் வந்தார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மற்றப் பக்கம் வைத்துக் கேட்டார். திரும்பவும் முதல் பக்கம். அந்தப் பெடியனின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். டொக்டர்மார் பயப்படுவதைப் பார்க்கக் கூடாது, அதைப்போல ஒரு பயம் வேறில்லை.

நுரையீரலில் தண்ணீர் என்றார். காலையிலிருந்து என்னென்ன குடித்தாள் என்று மறுபடி கேட்டார்.

"ஒன்லி எ லிற்றில், டொக்டர். வெறி லிற்றில்."

அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. கமலாதேவி அக்காவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டொக்டர் அவளுக்கு நேரே வந்து நின்றார். எனக்கும் விளங்குகிற அளவுக்கு மெதுவாக, சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களாகச் சொன்னார். நீங்கள் சொல்வது உண்மையென்றால் இந்தத் தண்ணீர் வேறெங்கோ இருந்து வருகிறது, இதயத்திலோ எதிலோ பிழை, அப்போது நான் சேலைனை நிறுத்தினால் பிள்ளை விழுந்துவிடும். நீங்கள் சொல்வது பிழையென்றால், இனி நான் கொடுக்கும் ஒவ்வொரு துளியும் பிள்ளையைக் கொல்லும். இங்கே வேறு இயந்திரம் இல்லை. உங்கள் வாய்தான் இருக்கிறது. சொல்லுங்கள்.

நிலாந்தி என் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, கமலாதேவி அக்காவை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. கெதியா."

எனக்கு விளங்கிவிட்டது. வந்த கோபத்தில் அவளுக்கு ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் கோபப்படவும் நேரம் இருக்கவில்லை. கமலாதேவி அக்காவின் முழங்கையைப் பிடித்து, "வாங்கோ அக்கா, வெளியில நிப்பம்," என்றேன். அந்த மனுசி நிலைமை கடுமை என்று உணர்ந்து கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"நான் போகமாட்டன். உந்தப் பிள்ளையை உப்பிடி விட்டிட்டு நான் என்னெண்டு போறது? நான் தூக்கி வளர்த்த பிள்ளை!"

இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிள்ளை இருமினாள். இருமலோடு இளஞ்சிவப்பாய் நுரை வந்தது.

நிலாந்தி அதைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னால் தப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தாளாம். ஆனால் எங்கள் தீவில் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் ஆங்கில எண்கள் தெரியும். பிறகு ஒரு மொழியும் யோசிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவருக்குக் கேட்கிற குரலில் தமிழில் கத்தினாள்.

"குடிச்சவள். எல்லாம் குடிச்சவள். ரெண்டு செவ்விளநீர் குடிச்சவள். ஒரு பெரிய போத்தல் ஜீவனி முழுக்கக் குடிச்சவள். கஞ்சி ரெண்டு பேணி. இன்னும் கேட்டு இன்னும் குடுத்தனான். நல்லாக் குடிச்சவள்!"

மேர்சி நேர்ஸ் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன்பே டொக்டரின் கை சேலைன் குழாயை அடைத்துவிட்டது. தண்ணீரைச் சிறுநீராக இறக்கும் ஊசிக்கு ஓடினார்கள், ஒக்சிசன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

கமலாதேவி அக்கா வாயில் கை வைத்தார். கண் இரண்டும் விரிந்தன. "ஐயோ! அவ்வளவையும் குடிச்சவளோ இந்தப் பிள்ளை!"

பத்து வருடமாக நிலாந்தி எந்த வசனத்துக்குப் பயந்து கோப்பையை ஒளித்தாளோ அதே வசனம். அவள் கண் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்சிகாவின் உதடு நீலமாகி, தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

நிலாந்தி போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். விறாந்தையில் கமலாதேவி அக்கா தலையில் அடித்துக்கொண்டு தன்னுடைய கண்ணைத் தானே திட்டினார். நிலாந்தி அவரைப் பார்க்கவேயில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவின் இடுக்கில் காதை வைத்து நின்றாள். உள்ளே ஒக்சிசன் சீறும் சத்தம் கேட்டது. டொக்டரின் குரல் கேட்டது. பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. கன நேரம் கேட்கவில்லை.

பிறகு மேர்சி நேர்ஸ் கதவைத் திறந்து, "மூச்சு வருது. சலமும் போகத் தொடங்கிட்டுது. படகு வந்திட்டுது, வாங்கோ," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சேலைன் ஓடியிருந்தால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னதாகவும் சொன்னார்.

கடற்படைப் படகில் பிள்ளையோடு மேர்சி நேர்ஸ், நிலாந்தி, நான். மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றாக முகத்தில் அடித்தன. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடலென்றால் சாகும் நிலாந்தி அன்று ஒரு அலையையும் பார்க்கவில்லை. ஒக்சிசன் மூடிக்குள் பிள்ளையின் மூச்சு புகையாய்ப் படிவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்போட்டீர் தானே. இனிப் பயமில்லை," என்று நான் ஆறுதலுக்குச் சொன்னேன்.

அவள் திரும்பினாள்.

"சொல்லாமல் விட்டிருந்தா செத்திருப்பாள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. நான்தான் கொல்லப் பாத்தனான். அதுவும் தெரியும். ஆனா சொன்ன உடனதானே மூச்சு நிண்டது? அதை நான் கண்ணால கண்டனான். ரெண்டும் உண்மையெண்டா நான் என்ன செய்யிறது?"

நான் கணிதம் படித்தவள். நேரம் தற்செயலாகப் பொருந்தியது, நுரையீரல் ஏற்கெனவே நிரம்பியிருந்தது என்று விளக்கியிருக்கலாம். அந்தக் கடலில், அந்த முகத்துக்கு முன்னால், எனக்கு அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அந்த உதடு நீலமான கணத்தில் நானும் கமலாதேவி அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

குறிகட்டுவானில் பிரதாபன் மழையில் நனைந்துகொண்டு அம்புலன்சுக்குப் பக்கத்தில் நின்றான். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது என்று தெரிந்த பிறகுதான் அழுதான்.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்துக் கம்சிகா என்னிடம் சோதனை வினாத்தாள் கடினமா என்று கேட்டாள். ஆபத்து விலகிவிட்டது என்றார்கள். ஆனால் இன்னும் குடிப்பதை அளந்துதான் கொடுக்க வேண்டும். அதற்குள் தீவில் வழக்கு விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. காலையில் ரெலிபோனில் பேசிய பள்ளிக்கூட அதிபர்கூட, "ரீச்சர் அதை உப்பிடிச் சனத்துக்கு முன்னால சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாராம். தாய் வாய்விட்டுச் சொன்னாள், கமலாதேவியின் கண் பட்டது, பிள்ளை விழுந்தது. டொக்டர் தடுத்து நிறுத்திய சேலைனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நிலாந்தி கேட்டுக்கொண்டே பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள்.

பத்து மணி போல ஒரு நேர்ஸ் பிள்ளை வந்தது. வாட் நிறையக் கட்டில்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் தாய்மார், பெரியம்மாமார், பார்க்க வந்தவர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தன் பிள்ளை மூன்று நாளாய் ஒரு சொட்டும் இறக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள்.

"கம்சிகான்ரை அம்மா, பிள்ளை எவ்வளவு குடிச்சவ?"

பக்கத்துக் கட்டில்காரி அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். நிலாந்தியின் கை தன்னையறியாமல் சேலைத் தலைப்பைத் தேடியது. பேணி மேசையில் திறந்தபடி கிடந்தது, வெறும் பேணி.

"ஒரு பேணி," என்றாள். நேர்சுக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"ஒரு பேணி. நிரம்ப. மிச்சம் விடாமல் குடிச்சவள்."

வாட் முழுவதற்கும் கேட்டது. நேர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. நிலாந்தி குனிந்து, பிள்ளையின் நெஞ்சில் கை வைத்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. கையை எடுக்காமல் அதற்கடுத்ததையும் பார்த்தாள்.